பழைய டெலிபோன் வயரில் புது லைன்: ராயபுரம் வீட்டில் செய்து பார்த்தது

ஃபைபர் இன்டர்நெட் போட்டால் கூடவே ஒரு லேண்ட்லைன் நம்பரும் தருகிறார்கள். மாட்ட வருகிற ஆள் மோடத்தின் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஒரு போனைச் செருகி, ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதோடு சரி. மோடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போன். வீட்டில் அறை அறையாக ஏற்கெனவே ஓடுகிற டெலிபோன் வயர் அப்படியே சும்மா கிடக்கும். அந்த வயரிலேயே புது லைனை ஏற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் செய்து மோடத்தைப் புகைய விடுகிறார்கள்.

இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும் லேண்ட்லைன் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு ராயபுரத்தில், எம்.சி. ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. முகப்பு குறுகல். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். நடை, கூடம், நடுவில் ஒரு முற்றம், அதற்கும் பின்னால் சமையலறை. சுவர் எல்லாம் அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்பு. ஒன்றரை அடி கனம். கூடத்தைத் தாண்டினால் மொபைலில் ஒரு கோடுகூட நிற்காது. அம்மா பகல் முழுக்க இருப்பது பின்கட்டில். பொன்னேரியில் இருக்கும் பெரியம்மாவுக்கும் பழவேற்காட்டு உறவுகளுக்கும் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் 25-இல் தொடங்கும் அந்த எட்டு இலக்கம்தான். மொபைல் நம்பரை அவர்கள் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

செம்பு லைன் செத்துப்போன கதை வடசென்னையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கால்வாய்க்கு ஒருவர் தோண்டினார், குடிநீருக்கு ஒருவர் தோண்டினார், கரண்ட் கேபிளுக்கு இன்னொருவர். எந்தக் கடப்பாரை எங்கள் கம்பி ஜோடியை அறுத்தது என்று யாருக்கும் தெரியாது. புகார் கொடுத்தால் குறுஞ்செய்தி வரும், ஆள் வரமாட்டார். கடைசியில், நம்பரை மாற்றாமல் ஃபைபருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். சரி என்றோம். ஃபைபர் கம்பத்திலிருந்து மாடிக்கு வந்தது. மோடம் மாடியில் உட்கார்ந்தது. அம்மா இருப்பதோ கீழே, பின்கட்டில். "வீட்டு வயரிங்குக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தவர் போய்விட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வயரில் கை வைப்பதற்கு முன் அதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய போன் லைன் வெறும் இரண்டு கம்பிதான். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரி அந்த இரண்டுக்கும் நடுவே 48 வோல்ட் டிசி வைத்திருக்கும். ரிசீவரைத் தூக்கினால் போன் வழியாக மின்னோட்டம் பாயும், வோல்டேஜ் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் எக்ஸ்சேஞ்ச் டயல் டோன் தருகிறது. மணியடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் ஏசியை விட்டு விட்டு அனுப்பும். இப்போது இந்த வேலை எல்லாவற்றையும் மோடத்துக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் ஒன்று செய்கிறது. போன் மாட்டும் அந்த ஓட்டைக்கு எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட் என்று பெயர். போனுக்கு அது எக்ஸ்சேஞ்ச் மாதிரியே தெரியும். உள்ளே உங்கள் குரல் பொட்டலம் பொட்டலமாக உடைந்து இன்டர்நெட் வழியாகப் போகிறது என்பதெல்லாம் போனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டுக்குள் ஓடும் வயர் முழுக்கப் பேரலல். எல்லா சாக்கெட்டும் அதே இரண்டு கம்பியில்தான் தொங்குகின்றன. அதனால் லைன் வாசல் பக்கமிருந்துதான் நுழைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாடிச் சாக்கெட்டில் ஏற்றினாலும் கீழே, பின்கட்டு, நடை எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடும். அவரிடம் போய்ச் சொன்னதும் முதலில் கேட்டது இதுதான்: "ரோட்ல இருந்து வர்ற வயரைக் கழட்டிட்டியாப்பா?" இன்னும் இல்லை, லைன்தான் செத்துப்போச்சே என்றேன். "செத்ததுன்னு நீ சொல்ற. நாளைக்கு எவனாவது டிபி-ல, அந்தத் தெருப் பொட்டில, ஜம்பர் வயரை மாத்திப் போட்டா உசுரு வந்துடும். மோடத்துல இருந்து வர்றதும் கரண்ட்டு, கம்பத்துல இருந்து வர்றதும் கரண்ட்டு. ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கவே கூடாது, தம்பி."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. மோடம் தரும் 48 வோல்ட்டும் எக்ஸ்சேஞ்ச் தரும் 48 வோல்ட்டும் ஒரே ஜோடியில் மோதினால் மோடத்தின் போர்ட் போய்விடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ரிங் வந்தால் இன்னும் நிச்சயமாகப் போகும். லைன் உண்மையிலேயே செத்திருந்தாலும் வேறு ஆபத்து இருக்கிறது: தெருவில் தொங்கும் டிராப் வயர் இடி மின்னலில் உதறல் வாங்கும், பக்கத்துக் கரண்ட் வயரோடு உரசினால் அதுவும் வீட்டுக்குள் வரும். ஆகவே வெளி வயரைப் பிரிப்பதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

வெளி வயர் வீட்டுக்குள் முடிகிற இடத்தில் ரோசெட் என்று ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். எங்கள் வீட்டில் நடைக்கதவுக்கு மேலே. மூடியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை ஓடு, எறும்பு மண், நான்கு திருகாணி. கம்பி முனை எல்லாம் பச்சைக் களிம்பு. காசிமேட்டுக் காற்று படுகிற தெருக்களில் செம்பு எதுவும் சிவப்பாக இருக்காது. ஒரு பக்கம் கறுப்பாக, விறைப்பாக வருவது டிராப் வயர். இன்னொரு பக்கம் மெல்லிசாகச் சுவர் ஓரம் போவது வீட்டு வயர். எது எது என்று சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள்; மல்டிமீட்டரை டிசியில் வைத்து முதலில் வோல்ட் பாருங்கள். 48-க்குப் பக்கத்தில் காட்டினால் லைனில் இன்னும் உயிர் இருக்கிறது. டிராப் வயரின் இரண்டு முனையையும் கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாக டேப் சுற்றி, பெட்டிக்கு வெளியே மடித்துவிட்டேன். வெட்டி எறியவில்லை, அது கம்பெனியின் சொத்து, நம்முடையது இல்லை. ரோசெட்டுக்கு உள்பக்கம் இருப்பதை மட்டும் நம்முடையதாக நினைத்து வேலை செய்தால் போதும்.

அடுத்தது வீட்டு வயர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லா போனையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மணி வைத்த பழைய போனுக்குள் கெப்பாசிட்டர் இருக்கும், அது மீட்டரைக் குழப்பும். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு கம்பிக்கு நடுவே பார்த்தால் ஒன்றுமே காட்டக்கூடாது. சில ஆயிரம் ஓம்ஸ் காட்டினால் எங்கோ ஈரம். நாலு, ஐந்து ஓம்ஸ் காட்டினால் ஷார்ட். அப்புறம் பின்கட்டு முனையில் இரண்டு கம்பியையும் வேண்டுமென்றே ஒன்றாக முறுக்கிவிட்டு மாடியிலிருந்து பார்க்க வேண்டும். அப்போது சில ஓம்ஸ்தான் வர வேண்டும். அரை மில்லிமீட்டர் செம்பு வயர் நூறு மீட்டர் நீளத்துக்கு, போவதும் திரும்புவதும் சேர்த்து, பதினெட்டு ஓம்ஸ் அளவுதான். அதற்கு மேல் பல மடங்கு காட்டினால் ஜாயின்ட் ஏதோ இற்றுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இரண்டு நோயும் இருந்தது. முற்றத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் பரண் மேலே ஒரு ஜாயின்ட். கம்பியை முறுக்கி வெறும் கரண்ட் டேப் சுற்றியிருந்தார்கள். பிசின் எல்லாம் உருகி, டேப் தனியாகச் சுருண்டு, உள்ளே கம்பி கறுத்துப்போயிருந்தது. மழைக்காலத்தில் மட்டும் போன் கொரகொரவென்று இரைந்ததற்குக் காரணம் இதுதான். இத்தனை வருடம் எக்ஸ்சேஞ்சைத் திட்டிக்கொண்டிருந்தோம். லைன்மேன் அண்ணன் தன் பையிலிருந்து ஜெல் நிரப்பிய சின்ன கனெக்டர் இரண்டை எடுத்துக் கொடுத்தார். தோலை உரிக்கக்கூட வேண்டாம். இரண்டு முனையையும் அதற்குள் நுழைத்து இடுக்கியால் ஒரே அமுக்கு. உள்ளே இருக்கும் ஜெல் ஈரத்தை அண்ட விடாது. விலை சில ரூபாய். வீட்டில் பழைய முறுக்கு ஜாயின்ட் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இதற்கு மாற்றிவிடலாம்.

இன்னொரு நோய் குளியலறைச் சுவர் ஓரம் போன வயரில் இருந்தது. அந்தச் சுவர் எப்போதும் ஓதமாகவே இருக்கும். அங்கே இரண்டு கம்பிக்கும் நடுவே கசிவு. அந்தத் துண்டையே ஒதுக்கிவிட்டு மேலே கூரை ஓரமாகப் புது வயர் இழுத்தோம். இந்தக் கசிவை விட்டுவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? யாரோ ரிசீவரைத் தூக்கி வைத்திருப்பதாக மோடம் நினைத்துக்கொள்ளும். எல்லா போனும் கீழே இருக்கும்போதே வெளியிலிருந்து அடிப்பவருக்கு என்கேஜ்டு டோன்தான் கேட்கும். மோடம் பழுது என்று இரண்டு தடவை மாற்றிய பிறகும் சரியாகவில்லை என்று புலம்புகிற வீடுகளில், சாக்கெட்டில் மீட்டர் வைத்து, 48-க்குப் பதில் பத்துக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

டெலிபோன் வயரிலேயே வந்த பழைய டிஎஸ்எல் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும். போனையும் மோடத்தையும் பிரிக்க ஸ்பிளிட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது சோபாவுக்குப் பின்னால் தூசியில் புதைந்திருந்தது, செத்த மோடத்தோடு. இனி அதற்கு வேலை இல்லை. கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்துவிடுங்கள்.

மாடியில் மோடத்திலிருந்து சுவருக்கு இணைப்பது மிகச் சின்ன வேலை. போன் கடையில் கிடைக்கும் தட்டை வயர், இரண்டு முனையிலும் பிளக் வைத்தது, ஒன்று வாங்கினேன். சுவரில் பிளக் சாக்கெட் இருந்தால் அப்படியே செருகிவிடலாம். எங்கள் மாடியில் திருகாணி வைத்த பழைய ரோசெட்தான், ஆகவே ஒரு முனையை வெட்டினேன். உள்ளே நான்கு கம்பி. நடுவில் இருக்கும் சிவப்பு, பச்சை இரண்டுதான் வேண்டும். கறுப்பையும் மஞ்சளையும் மடித்து டேப் போட்டுவிடலாம். எந்தக் கம்பி எந்தத் திருகாணிக்கு என்று இக்காலப் போன்களுக்குக் கவலை இல்லை, மாற்றிப் போட்டாலும் வேலை செய்யும். இதைச் செய்யும்போது மோடத்தை ஆஃப் செய்துவைக்க வேண்டும். 48 வோல்ட் விரலுக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா போன் செய்தால் ரிங் கரண்ட் சுரீரென்று இழுக்கும். ஏணி மேல் நிற்கும்போது அந்தச் சுரீர் போதும், கீழே விழ.

முதல் தடவை மணி அடித்தபோது நடையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று என்று எல்லாம் அடித்தன, ஆனால் இருமல் வந்த மாதிரி. காரணம் சுமை. எத்தனை மணியை அடிக்க வைக்க முடியும் என்பதற்கு ரென் என்று ஒரு கணக்கு உண்டு. பழைய மணி போன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு ரென். எலக்ட்ரானிக் போன்கள் அதைவிடக் குறைவாக எடுக்கும். எக்ஸ்சேஞ்ச் இதையெல்லாம் தாங்கும். மோடத்தின் சின்ன சர்க்யூட் மூன்று, அதிகம் போனால் ஐந்து ரென்னோடு மூச்சு வாங்கும். ஒவ்வொரு போனாகக் கழற்றிப் பார்த்தால் எது இழுக்கிறது என்று தெரியும். நடைப் போனை எடுத்துவிட்டோம், அங்கே யாரும் உட்காருவதும் இல்லை. மற்ற மூன்றும் தெம்பாக அடித்தன. வீடு பெரிது, போன் நிறைய வேண்டும் என்றால் ஒரே ஒரு கார்ட்லெஸ் தளத்தை மட்டும் வயரில் மாட்டி, அதன் ரிசீவர்களை அறைக்கொன்றாக வைத்துக்கொள்வது நல்லது. என்ன, எங்கள் வீட்டுச் சுவருக்கு அதுவும் திணறும்.

மாடியில் இருப்பது பெங்களூரு ஐ.டி.ஐ. தயாரித்த கறுப்பு சுழல் டயல் போன், தாத்தா காலத்தது. அழைப்பு வந்தால் எடுத்துப் பேசலாம், குரல் கணீரென்று இருக்கிறது. அதிலிருந்து யாருக்கும் அடிக்க மட்டும் முடியவில்லை. டயல் திரும்பி வரும்போது லைனை டிக் டிக்கென்று துண்டித்துத் துண்டித்து எண்ணைச் சொல்லும்: ஐந்துக்கு ஐந்து துண்டிப்பு, பூஜ்ஜியத்துக்குப் பத்து. பெரும்பாலான மோடங்களுக்கு பட்டன் போனின் டோன் மட்டும்தான் புரியும். சாதாரணப் போனை இன்டர்நெட்டில் மாட்ட உதவும் தனி வாய்ஸ் அடாப்டர் சிலவற்றில் பல்ஸ் டயலிங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கம்பெனி கொடுத்த மோடத்தில் அதைத் தேடுவது வீண். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்க முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் விதி வந்துவிட்டது. சுழல் டயலில் பதினோரு இலக்கம் சுழற்றி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும் என்பதால், அந்தப் போன் எடுப்பதற்கு மட்டும் என்று விட்டுவிட்டோம். அம்மாவுக்கு அந்தப் பூஜ்ஜியம்தான் இன்னும் பழகவில்லை. சமையலறைப் போனில் ஒரே அழுத்தில் நம்பர் போகும் பட்டன்களில் எல்லா நம்பரையும் பூஜ்ஜியத்தோடு பதிவு செய்து வைத்தாயிற்று.

கரண்ட் விஷயத்தில் மட்டும் பழைய லைனுக்கு ஈடு இல்லை. செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. தெருவே இருட்டாக இருந்தாலும் போன் அடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது மொபைல் கோபுரமெல்லாம் ஓய்ந்த பிறகும் எங்கள் போன் பேசியது. ஃபைபருக்கு மோடம் ஓடினால்தான் போன். மோடம் பெரும்பாலும் 12 வோல்ட் டிசியில் ஓடுவது. அதற்கென்றே மினி யுபிஎஸ் என்று சின்ன டப்பா கிடைக்கிறது. வாங்கும்போது அடாப்டரின் மேல் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். 12 வோல்ட் மோடத்துக்கு 9 வோல்ட் டப்பாவைக் கட்டிவிடும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் இது தேவைதான். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் சில மோடங்கள் அணைந்து எழும், எழுந்து லைன் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். பேசிக்கொண்டிருந்த அழைப்பும் போய்விடும்.

ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஒன்று வந்தால் யுபிஎஸ்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபரே அறுந்துவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 108-க்கோ 112-க்கோ அடிக்க இந்த லைனை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அம்மாவின் மொபைல் எப்போதும் சார்ஜோடு, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது.

உங்கள் இன்டர்நெட்டோடு போன் நம்பர் வரவில்லை என்றால் தனியாக ஒரு வாய்ஸ் அடாப்டர் வாங்கி, உரிமம் பெற்ற சேவை ஒன்றில் கணக்கு எடுத்து, அதே போல வீட்டு வயரில் ஏற்றலாம். வயர் வேலை ஒன்றேதான். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு அழைப்புக்கு நொடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகும். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால் வயரைக் குறை சொல்லாதீர்கள். ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. (SIP ALG) என்று, இன்டர்நெட் அழைப்புகளில் தலையிடுகிற ஓர் அமைப்பு இருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு சரியாகிவிடும்.

இதைச் செய்து முடித்த பிறகு மண்ணடியில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார்: துபாயிலிருந்து வரும் இன்டர்நெட் அழைப்பை அப்படியே கடை லேண்ட்லைனில் ஏற்றி உள்ளூருக்கு அடிக்க முடியுமா என்று. கருவி இருக்கிறது, முடியும். ஆனால் உரிமம் இல்லாமல் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் நெட்வொர்க்கில் நுழைப்பது சட்டப்படி குற்றம். அவ்வப்போது பேப்பரில் போலி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பிடிபட்டது என்று வருகிறதே, அது இந்த வகைதான். நம் வீட்டுப் போனை நம் பெயரில் இருக்கும் லைனில் மாட்டிக்கொள்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

நம்பரை அதே கம்பெனியிலேயே ஃபைபருக்கு மாற்றியவர்களுக்குப் பழைய கணக்கைப் பற்றிக் கவலை இல்லை. வேறு கம்பெனியில் புது லைன் எடுத்து, செம்பு லைனை அப்படியே போட்டுவைத்திருப்பவர்கள் எழுதிக் கொடுத்து அதைச் சரண்டர் செய்துவிடுங்கள்; இல்லையென்றால் செத்த லைனுக்கும் மாதாமாதம் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் கட்டிய டெபாசிட் திரும்ப வரும், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு. எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.